காலி என்று முத்திரை குத்தியவர்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் செவியார் நேரடியாகப் பதில் சொல்லமாட்டார். சொன்னால் கேட்டவர் சிரிப்பார். சிரித்தால் இவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் விதி எண் பதினான்கை முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார், அதற்குள் எதிராளியின் பேருந்து போய்விடும். அதனால் "கோர்ட்ல இருக்கேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம்.

உண்மையில் அவர் காலிக் கேசட்டுகளைக் கேட்கிற வேலையில் இருந்தார்.

சிரிக்காதீர்கள். அந்த நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதையெல்லாம் கேசட்டில் பதிவு செய்வார்கள். வழக்கு முடிந்து, மேல்முறையீட்டுக் காலமும் கடந்துவிட்டால், கேசட்டை அழித்து மறுபடி பயன்படுத்தவேண்டும். அழித்த கேசட் உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்பதை, பொறுப்பான ஒருவர் தம் சொந்தக் காதால் இரண்டு பக்கமும் முழுமையாகக் கேட்டு, சான்று அளிக்கவேண்டும் என்கிறது விதி பதினான்கு. இதை எழுதிய மகானுபாவர் யாரென்று தெரியவில்லை. ஒரு கேசட்டுக்குத் தொண்ணூறு நிமிடம், நாளைக்கு நான்கு கேசட், இருபத்திரண்டு வருடம். கூட்டிப் பார்த்தால் செவியார் தம் வாழ்நாளில் மூன்றே முக்கால் வருடத்தை, இரவு பகல் இடைவெளி இல்லாமல், ஒன்றுமே இல்லாததைக் கேட்டுக் கழித்திருந்தார். செவியார் என்ற பட்டப்பெயரை அலுவலகத்தில் கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். நாளடைவில் கேலி உதிர்ந்து மரியாதை மட்டும் தங்கிவிட்டது.

அவருடைய அறையில் ஜன்னல் இல்லை. ஒரு மேசை, ஒரு டேப் ரெக்கார்டர், பழுப்பேறிய பஞ்சு வைத்த ஒரு ஹெட்போன், ஒரு பதிவேடு, 'காலி' என்று செதுக்கிய ரப்பர் முத்திரை. சாட்சியம் ரகசியம் என்பதால் ஹெட்போனை எந்தக் காரணம் கொண்டும் கழற்றக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ரெக்கார்டரில் சத்தத்துக்கு ஏற்றபடி ஆடுகிற ஊசி ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. அந்தக் கண்ணாடியின் மேலேயே 'அலுவலகச் சொத்து எண் 41' என்ற காகிதத்தை யாரோ பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். சொத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு ஊசி எதற்கு?

அறையின் மறுகோடியில் அழிப்பாளர் உட்கார்ந்திருப்பார். பெட்டி மாதிரியான ஒரு மின்காந்தத்தின் மேல் கேசட்டை வைத்து மூன்று சுற்றுச் சுற்றினால் அதில் உள்ளது அழிந்துவிடும். அவர் வேலை ஒரு கேசட்டுக்கு ஒரு நிமிடம். மீதி நேரத்தில் பேசுவார். ஹெட்போன் மாட்டிய செவியாரிடம் இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அறைக்குப் புதிதாக ஓர் இரும்பு பீரோ வந்தது. நான்கு பேர் தூக்கிவந்து மூலையில் இறக்கியபோது அதன் முன்கால் ஹெட்போன் கம்பியின் மேல் உட்கார்ந்தது. உள்ளே செம்பு இழை அறுந்துபோனது, மேலே தோல் மட்டும் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அந்த ஹெட்போனில் ஓர் எழுத்துக்கூடக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை யார் கண்டுபிடிப்பது? கேட்காமல் இருப்பதைக் கேட்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம்!

அதற்கு முன்பெல்லாம் மாதத்துக்கு எட்டுப் பத்து கேசட்டில் செவியாருக்கு ஏதாவது தட்டுப்படும். அரைகுறையாக அழிந்த ஓர் இருமல், 'ஆமாங்கய்யா' என்று ஒரு சாட்சி. திருப்பி அனுப்புவார். பீரோ வந்தபிறகு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. அழிப்பாளருக்கு ஒருவழியாக வேலை வந்துவிட்டது என்று செவியார் நினைத்துக்கொண்டார். செவியாருக்கு ஒருவழியாக மனசு இளகிவிட்டது என்று அழிப்பாளர் நினைத்துக்கொண்டார். நான்கு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அழிப்பாளர் அழிப்பதையே விட்டுவிட்டார். காந்தப் பெட்டி மேல் செய்தித்தாள் விரித்துப் படிக்க வசதியாக இருந்தது.

ஆக, ஏழு வருடமாக அழிக்காத கேசட்டுகளை, கேட்காத காதுகள் கேட்டு, காலி என்று முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரு அசம்பாவிதமும் நடக்கவில்லை. காரணம், புதிதாகப் பதிவு செய்யும்போது இயந்திரமே பழையதைத் தானாக அழித்துவிடும். அதாவது அழிப்பாளர் எதற்கு, செவியார் எதற்கு, விதி பதினான்கு எதற்கு என்றெல்லாம் யாராவது யோசித்திருக்கலாம். அப்படி யோசிக்கிற வழக்கம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அந்தப் பதினோரு வருடத்தில் செவியாருக்கு மூன்று முறை சிறந்த பணியாளர் சான்றிதழ் கொடுத்தார்கள்.

செவியார் அதற்குத் தகுதியானவர்தான் என்று அவரே நம்பினார். அறுந்த கம்பிக்குள்ளிருந்து வருகிற மௌனத்தில் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் 'திருப்தி' என்று எழுதினால் போதும். அவர் 'சற்றே கனமான மௌனம்', 'ஆரம்பத்தில் தயக்கம், பிறகு தெளிவு' என்றெல்லாம் எழுதிவைத்தார். காதை மூடி உட்கார்ந்தால் யாருக்கும் கேட்கிற சொந்த ரத்தத்தின் ஓட்டம்தான் அது. இவரிடம் அதை யார் போய்ச் சொல்வது.

இப்படி நாள் முழுக்க உழைத்த காதுக்கு மாலையில் ஓய்வு வேண்டாமா? ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை வீட்டில் யாரும் பேசக்கூடாது. வானொலி, டேப், மணி அடிக்கிற கடிகாரம் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. மனைவி துணி தைப்பவள். அந்த இரண்டு மணி நேரம் தையல் இயந்திரத்தை மிதிக்காமல் பொத்தான் கட்டிக்கொண்டிருப்பாள். யாராவது வாயைத் திறந்தால் செவியார் உள்ளங்கையை உயர்த்துவார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும்.

ஒரே மகள். அவள் வளர்ந்தது அந்த உள்ளங்கையைப் பார்த்துத்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் மாலை ஏழு மணிக்கு அவள் பெட்டியோடு வந்து எதிரே நின்றாள். "அப்பா, எனக்கு வேலை கிடைச்சிருக்கு. தூரத்துல. இன்னைக்கு ரயில். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். கை உயர்ந்தது. பழக்கதோஷம், வேறொன்றும் இல்லை. அவள் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஊர்ல இருக்கற காலிக் கேசட்டையெல்லாம் தொண்ணூறு நிமிஷம் உக்காந்து கேக்கறீங்க. நான் பேசினத ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டிருக்கீங்களாப்பா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். அப்பாவுக்கு ஒன்றும் வராது. செவியார் அதைப்பற்றிப் பேசமாட்டார். ஆனால் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

மூன்றாம் வருடம், ஒரு மாதத்தின் முதல் வாரத்தில், அலுவலக முகவரிக்கு அவர் பெயரில் ஒரு சிறிய பொட்டலம் வந்தது. மகளின் கையெழுத்து. உள்ளே ஒரு கேசட், 'அப்பாவுக்கு' என்று எழுதிய சீட்டு, வேறெதுவும் இல்லை. கடிதம் எழுதினால் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார், கேசட் என்றால் கேட்டுத்தானே ஆகவேண்டும், அதுதானே அவர் தொழில் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டிருந்தாள். நல்ல கணக்குதான்.

அந்தக் கேசட்டில் அவள் முதல் வினாடியிலிருந்து கடைசி வினாடி வரை பேசியிருந்தாள். அவள் தட்டச்சு செய்கிற நிறுவனம் கடல் கடந்து இன்னொரு நாட்டுக்கு மாறுகிறது. கூடவே வருவதானால் ஐந்து வருட ஒப்பந்தத்தில் இந்த மாதக் கடைசி நாளுக்குள் கையெழுத்துப் போடவேண்டும். வராவிட்டால் பழைய தட்டச்சு இயந்திரங்கள் பன்னிரண்டையும் அவளுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவளுக்குக் கடல் கடக்க விருப்பமில்லை. வீட்டுக்குத் திரும்பி, முன்னறையில் அந்தப் பன்னிரண்டையும் போட்டு, தட்டச்சுப் பள்ளி நடத்த ஆசை. சத்தம் இருக்கும். காலையிலிருந்து இரவு வரை இருக்கும். அப்பாவுக்குச் சம்மதமா?

செவியார் கதவைச் சாத்தினார். ஹெட்போனை மாட்டினார். அவசரத்தில் பட்டனை இரண்டு தடவை அழுத்தவேண்டியிருந்தது. முதல் பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். ஒன்றுமில்லை. திருப்பிப் போட்டார். மறுபக்கமும் ஒன்றுமில்லை.

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் ரெக்கார்டரைத் தட்டிப் பார்த்திருப்பார். செவியார் நிபுணர் ஆயிற்றே! என் மகள் எனக்குத் தொண்ணூறு நிமிட மௌனத்தை அனுப்பியிருக்கிறாள், அதன் பொருள் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் கோபம், மறுபக்கத்தின் பாதியிலிருந்து கொஞ்சம் இளக்கம் என்று ஒரு முடிவுக்கு வந்தார். கண் கலங்கியது. அந்தக் கலக்கத்திலேயே, தொண்ணூறு நிமிடம் முடிந்தால் என்ன செய்யுமோ அதைக் கை தானாகச் செய்துவிட்டது. முத்திரையை எடுத்தது, 'காலி' என்று குத்தியது.

குத்தியபிறகுதான் உறைத்தது. ஆனால் முத்திரை விழுந்த கேசட் அலுவலகச் சொத்து. அலுவலகக் குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுஷர் அவர். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதை அடுக்கில் வைத்தார். அதற்குப் பதில் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? ஒன்று போய் ஒன்று. மௌனத்துக்கு மௌனம்தான் பதில். பதிவேட்டைப் புரட்டி, தாமே 'மிகச் சிறந்தது, குறையொன்றுமில்லை' என்று எழுதிவைத்த ஒரு கேசட்டைத் தேடி எடுத்து, 'மகளுக்கு' என்று சீட்டு ஒட்டி, அன்றைக்கே தபாலில் சேர்த்தார்.

அது ஓர் அண்ணன் தன் தங்கைமேல் போட்ட வீட்டு வழக்கின் சாட்சியம். அழிக்கப்படாத, முழுமையான சாட்சியம்.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"எதுவுமே பேசலியா?" என்றாள் மனைவி.

"ஒரு வார்த்தை இல்ல. ஆனா அதுல எல்லாம் இருந்துச்சு."

"தொண்ணூறு நிமிஷம் வாயத் திறக்காம இருந்தாளா? என் வயித்துல பொறந்தவளா?" மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பாகிட்ட நேரா ஒண்ணு கேக்கப்போறேன், நீ நடுவுல வராதன்னு எனக்கு எழுதியிருந்தா. கேக்கறவ பேசாம எப்படிங்க கேப்பா? உங்க மிஷின் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க."

"பதினொரு வருஷமா ஒரு தப்பு வந்ததில்ல அந்த மிஷின்ல!"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றாள் அவள். கெட்டிக்காரி. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது இரண்டாவது கேசட் வந்தது. இந்தமுறை சீட்டுகூட இல்லை. செவியார் மாட்டிக்கேட்டார். இந்த மௌனம் குட்டையாக, வெட்டியதுபோல இருந்ததாக அவருக்குப் பட்டது. ஆனாலும் பதில் போட்டிருக்கிறாளே, அதுவே பெரிது. இம்முறை உஷாராக முத்திரையை இழுப்பறைக்குள் பூட்டிவைத்துவிட்டு, கேசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு நாளும் நெஞ்சருகே அது இருந்தது. அவருக்கு ரொம்ப சந்தோஷம். மூன்று வருடத்துக்குப் பிறகு மகளோடு பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்று தபால்காரரிடம்கூடச் சொன்னார்.

மாதத்தின் கடைசி நாள் மதியம் மூன்றரை மணிக்குத் தட்டச்சம்மா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். சாட்சியக் கேசட்டுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கோப்பில் சேர்ப்பவள் அவள். அவளுக்கு விதி எண் ஒன்பது: நாடாவில் முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை உள்ளதைத் தட்டச்சு செய்யவேண்டும். அதை அவள் மதிப்பவள். விசாரணை சீக்கிரம் முடிந்து நாடா மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்தில் பழைய வழக்கின் வால் இருக்கும். அதையும் அடித்துவிடுவாள். ஏழு வருடமாக அந்த நீதிமன்றத்துக் கோப்புகளில் நிலத் தகராறு சைக்கிள் திருட்டில் முடிந்தது, சைக்கிள் திருட்டு விவாகரத்தில் முடிந்தது. நீதிபதிகள் யாரும் கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை என்பதால் நியாயத்துக்குப் பங்கம் வரவில்லை.

"செவியார் சார், இதப் படிங்க. வேலித் தகராறு. அவரைக்காய்த் தோட்டத்துல மாடு பூந்த கேஸு. கடைசி மூணு பக்கத்தப் பாருங்க."

செவியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மாடு எந்த வழியாக வந்தது என்று தனக்குத் தெரியாது எனச் சாட்சி கூறியதோடு ஒரு பத்தி முடிந்தது. அடுத்த பத்தி இப்படி இருந்தது:

'சாட்சி மேலும் கூறியதாவது: தன் தந்தை இம்மாதக் கடைசி நாளுக்குள் பதில் சொல்லவேண்டும் எனவும், பதில் வராத நிலையில் அவருக்குச் சம்மதம் இல்லை என்றே தான் எடுத்துக்கொள்ளப்போவதாகவும் சாட்சி கூறினார். தந்தையை அனைவரும் செவியார் என்று அழைப்பதாகவும், அந்தப் பெயரை இந்த ஒரு தடவையாவது அவர் காப்பாற்றவேண்டும் எனவும் சாட்சி வேண்டிக்கொண்டார். இவ்விடத்தில் சாட்சி மூக்கை உறிஞ்சினார். தனக்குத் தந்தைமேல் கோபம் இல்லை எனவும், இருந்த கோபம் முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது எனவும் சாட்சி கூறினார்.'

செவியார் இரண்டாவது முறை படித்தார். மூன்றாவது முறை எழுத்து தெரியவில்லை.

"இது... இது காலியா இருந்த கேசட்டும்மா. நானே கேட்டேன்."

தட்டச்சம்மா மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டரைப் பார்த்தாள். செவியார் கழுத்தில் கிடந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு, சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைக்குக் கீழேயே நின்றுகொண்டு, ரெக்கார்டரில் செருகியிருந்த ஹெட்போனின் முளையைப் பிடுங்கினாள்.

"...அந்த ஆட்டுக்குட்டிய நான் விக்கவே இல்லீங்க, அதுவாத்தான் போச்சுங்க!" என்று ஒரு முரட்டுக் குரல் அறை அதிரக் கத்தியது.

பதினோரு வருடத்தில் முதல் சத்தம். செவியார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அழிப்பாளர் செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"நீங்க அழிக்கலையா?" என்றார் செவியார்.

"நீங்க கேக்கலையா?" என்றார் அழிப்பாளர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கும் மற்றவர்மேல் கோபப்பட வாயில்லை. ஆட்டுக்குட்டிக்காரர் மட்டும் தொடர்ந்து தன் நிரபராதித்தனத்தை நிரூபித்துக்கொண்டிருந்தார்.

செவியார் அவரை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து இரண்டாவது கேசட்டை எடுத்துப் போட்டார். இம்முறை பட்டனை ஒரே தடவையில் அழுத்தினார்.

"அப்பா." மகளின் குரல். கொஞ்சம் சளி பிடித்திருந்தது. "நீங்க அனுப்பின கேசட்ட மூணு தடவ கேட்டேன். ரெண்டு பக்கமும். உங்க குரல் எங்கயாவது வரும்னு கேட்டேன். வரல. யாரோ ஒரு ஆளுதான் பேசறாரு. 'அந்தப் பொண்ணு தானா கெளம்பிப் போனவ, அவளுக்கு அந்த வீட்ல எடம் இல்ல'ன்னு சொல்றாரு. வக்கீல் திருப்பித் திருப்பிக் கேக்கறாரு, அவரும் திருப்பித் திருப்பி அதையே சொல்றாரு. நீங்க வாயால சொல்ல முடியாம கோர்ட்ட விட்டுச் சொல்ல வெச்சிருக்கீங்க. முத்திரை வேற குத்தியிருக்கீங்க. சரிப்பா. புரிஞ்சுது. கடைசி நாள் அஞ்சு மணிக்கு கம்பெனியோட அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டுக் கடல் தாண்டிப் போறேன். அம்மாவ நல்லாப் பாத்துக்கங்க."

அவ்வளவுதான். பிறகு நாடாவின் இரைச்சல் மட்டும் ஓடியது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறோம். இங்கே மௌனத்தைப் பிடிக்கப்போய் மகளையே வீட்டைவிட்டு விலக்கிவைத்தாகிவிட்டது, அதுவும் சாட்சியோடு.

மணி மூன்று ஐம்பது.

அலுவலகத்தில் ஒரே தொலைபேசி பதிவாளர் அறையில் இருந்தது. செவியார் ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதால் வராந்தாவில் இருந்தவர்கள் தீ விபத்து என்று நினைத்து, நான்கைந்து பேர் கோப்புகளோடு வெளியே போய்விட்டார்கள். பதிவாளரிடம் மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னார். பதிவாளர் கேட்கக் கேட்க வெளுத்துக்கொண்டே வந்தார்.

"ஏழு வருஷமா?"

"ஏழு வருஷம் அழிக்கல சார். பதினொரு வருஷம் கேக்கல."

"சத்தம் போடாதீங்க. இத நீங்க சொல்லல, நான் கேக்கல. வெளிய தெரிஞ்சா ஏழு வருஷத் தீர்ப்பையும் திருப்பி எழுதணும்."

"சார், எனக்கு போன் வேணும்."

"மொதல்ல அந்த ஹெட்போன் இன்னைக்குக் காலைலதான் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினார். பொய்யென்று தெரிந்தே அவர் கையெழுத்துப் போட்ட முதல் சான்று அது. வருத்தப்பட நேரமில்லை. பொட்டலத்தின் பின்பக்கம் இருந்த மகளின் நிறுவன எண்ணுக்கு வெளியூர் இணைப்பு பதிந்துவிட்டுத் தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்தார். நான்கு பத்து. நான்கு இருபத்தைந்து. பதிவாளர் அறையைவிட்டு நகராமல் கதவுக்குக் காவல் நின்றார். நான்கு நாற்பதுக்கு மணி அடித்தது.

"மூணு நிமிஷம் சார், பேசுங்க" என்றாள் இணைப்பு கொடுக்கிறவள்.

"ஹலோ" என்றாள் மகள்.

"நான்தாம்மா. அப்பா."

மறுமுனையில் பதில் இல்லை. ஆனால் அங்கே என்னென்னவோ கேட்டது. யாரோ மேசையை இழுத்தார்கள். தட்டச்சு இயந்திரங்கள் தடதடத்தன. ஒரு கதவு சாத்தியது. அவள் மூச்சு விடுவது கேட்டது. இத்தனை வருடம் தரம் பிரித்துப் பதிவேட்டில் எழுதினாரே, அதில் ஒன்றில்கூட இப்படி ஒரு மூச்சு இருந்ததில்லை.

"அந்தக் கேசட்ல இருந்தது நானில்லம்மா. அது வேற யாரோ வீட்டுக் கேஸு. காலின்னு நெனச்சு அனுப்பிட்டேன். நீ அனுப்பினதும் காலின்னு நெனச்சேன். ஹெட்போன் கம்பி அறுந்துபோச்சு."

"எப்ப?"

அவர் பதிவாளரைப் பார்த்தார். "பதினொரு வருஷமா" என்றார். பதிவாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போடாதம்மா. வந்துடு. சரி. எனக்குச் சம்மதம்."

"எதுக்குச் சம்மதம்? நான் என்ன கேட்டேன்னு தெரியுமா?"

"தெரியாது. அது மேல ஒரு மாட்டுக் கேஸு ஏறிடுச்சு. கடைசி மூணு பக்கந்தான் கெடச்சுது. நீ என்ன கேட்டிருந்தாலும் சரி."

"என்ன கேட்டேன்னு தெரியாம சரின்னு சொன்னா, அதுவும் கேக்காததுதாம்பா."

இது சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னது நியாயம் என்பதால் கூடுதலாகத் தைத்தது.

"அப்ப சொல்லு. கேக்கறேன்."

"பன்னெண்டு டைப்ரைட்டர்ப்பா. நம்ம முன்னறைல. பள்ளிக்கூடம் மாதிரி. காலைல ஆறு மணிக்கு மொத பேட்ச். கடைசி பேட்ச் ராத்திரி எட்டரைக்கு. நடுவுல நிக்காது. உங்க ஆறு மணி எட்டு மணியெல்லாம் இருக்காது. எல்லாம் பழைய மிஷின், தகரக் கூரை மேல கல்லு கொட்டற மாதிரி இருக்கும். வேற மாதிரி இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"மூணு நிமிஷம் முடிஞ்சுது சார்" என்றாள் இணைப்புக்காரி.

"இன்னும் மூணு போடும்மா!"

"போட்டாச்சு சார். சீக்கிரம் சொல்லுங்க, அந்தப் பொண்ணு நிக்குது."

செவியாருக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லி என்ன, உண்மையிலேயே பயந்தார். பன்னிரண்டு இயந்திரம். ஒரு கடிகார மணியைப் பொறுக்காத மனுஷர். ஆனால் அந்தச் சளி பிடித்த குரல் இன்னும் ஐந்து வருடம் கடலுக்கு அப்பால் இருக்கும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

"பன்னெண்டும் ஒரே நேரத்துல அடிக்குமா?" என்று கேட்டார்.

"அடிக்கும்."

"முன்னறை பத்தாதே. பன்னெண்டு மேசை, பன்னெண்டு நாற்காலி. நடுவுல நீ நடக்க வழி வேணாமா? என் ரூமையும் சேத்து எடுத்துக்க. நடுச்சுவத்த ஒரு ஆள வெச்சு எடுத்துடலாம். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கும், அங்க நாலு போடு. மிச்சம் எட்டையும் எப்படிப் போடலாம்னு யோசிச்சு வெச்சிருக்கியா? சொல்லு. நீ மொதல்லேருந்து சொல்லு."

அவள் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தாள் என்று தோன்றியது. அவர் அவசரப்படுத்தவில்லை. தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண், அவள் மேசைக்கு அருகே வந்திருக்கவேண்டும், "மணி ஆவுது, பேப்பரக் கொண்டா. யாரு போன்ல இவ்ளோ நேரம்?" என்று கேட்பது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"எங்கப்பா" என்றாள் மகள். "கேட்டுக்கிட்டிருக்காரு."